திமில்

ஞாயிற்றுக்கிழமை கட்டிங் மேசை எங்களுக்கு.
இருபத்திரண்டு அடி நீளம். அதன்மேல்
எடை குறைந்து பையர் திருப்பிவிட்ட ஆலிவ் பச்சைத் துணி
விரித்தால் சத்தியமங்கலத்துச் சமவெளி.
நீலக் கழிவில் ஒரு கீற்று: பவானி.
சுருக்கம் விழுந்தால் வெள்ளம் என்று கொள்க.

ஆயிரத்து எழுநூற்றுத் தொண்ணூறு, செப்டம்பர்.
கும்பினிப் படை இக்கரையில்.
திப்புவின் குதிரைகள் கெஜலட்டிக் கணவாய் இறங்கி வருகின்றன,
மூன்று வருஷமாக, மாதத்தின் முதல் ஞாயிறுதோறும்.
பீரங்கி மட்டும் வந்தபாடில்லை.
பீரங்கி இருக்கிறது.
இழுக்க மாடில்லை.

தீப்பெட்டி வைத்து ஆடினோம்.
பிறகு புளியங்கொட்டை, ஜோடி ஜோடியாக.
போன வருஷம் ஒரு வெளிநாட்டுக் கம்பெனி மாடு அனுப்பியது,
டப்பாவைப் பிரித்தால் முதுகு சப்பை.
திமிலில்லாத மாடு
எந்த ஊர்த் தடத்தில் பீரங்கி இழுத்தது?
ஈரோட்டில் பல்செட் செய்கிற தாரணி
பல் மெழுகு உருட்டித் திமில் வைத்தாள்.
சித்திரை வெயிலில் அது இளகி
எல்லா மாடும் முதுகில் ஈரத்துண்டு போட்டு நின்றன.

இப்போதுதான் படம் வந்திருக்கிறது.
எம்சீல் போல ஒரு பச்சைக் களியில் இழைத்த மூல உரு.
வெள்ளீயத்தில் இனிமேல்தான் வார்ப்பார்களாம்.
இருபத்தெட்டு மில்லிமீட்டர் மனிதன்,
பக்கத்தில் அவன் தோள் உயரத்துக்குத்
திமில்.

வெள்ளிங்கிரி அண்ணன் கைபேசியை மூக்குவரை கொண்டுபோனார்.
கணபதியில் பம்புசெட்டுக்குப் பேட்டர்ன் செய்கிறவர்,
கால் மில்லி பிசகினால் ராத்திரி தூக்கமில்லை.
"திமிலு சரிங்க. கொம்பு?
இது ஹல்லிக்காரு, பின்னால சாயுது பாருங்க.
நம்ம காங்கேயம் இப்பிடி, பிறையாட்டம்"
என்று இரண்டு கையையும் தலைக்குமேல் வளைத்தார்.

"மைசூர்ப் படைக்கு மைசூர் மாடுதானே?"
ஷேக் தாவூதுக்குப் பத்திரப் பதிவில் வேலை,
ஆதாரம் இல்லாமல் தலையாட்டமாட்டார்.

"கணவாய் எறங்கறப்ப நாலு மாடு செத்திருக்குமில்லீங்க,
அதுக்குப் பதுலா நம்ம மாட்டத்தான பூட்டியிருப்பாங்க."

"எழுதியிருக்கா?"

"மாடு மாத்துனத எவனுங்க எழுதுவான்!"

எட்டு ஜோடி சொல்லியிருக்கிறோம்.
அதில் ஒரு ஜோடிக்கு மட்டும்
குறடு வைத்துக் கொம்பை நிமிர்த்திக்கொள்ள
அண்ணனுக்கு அனுமதி.

என் பங்கு நிறம்.
கும்பினிச் சட்டைக்குச் சாயப்பட்டறையில்
பதினாறு சிவப்பு ஓட்டிப் பார்த்தாயிற்று.
கடைச் சிவப்பு வேண்டாம். வெயிலில் நடந்து, ஆற்றில் நனைந்து,
கக்கத்தில் மட்டும் பழைய நிறம் மிஞ்சியிருக்கும் சிவப்பு.
பதினொன்றாவது அது.
எந்த பையரும் அதை ஓகே செய்யமாட்டான்.

மாடு ஓட்டுகிறவன்தான் இடிக்கிறான்.
படத்தில் கோவணம், கையில் சாட்டை, தலையில் துண்டு.
சுல்தானின் பொத்தான்வரை குறித்து வைத்தவர்கள்
இவன் துண்டை விட்டுவிட்டார்கள்.
வெள்ளைதான் அடிக்கப்போகிறேன், அழுக்கு வெள்ளை.
அதிலும் பதினாறு இருக்கிறது,
ஒன்றும் இன்னும் ஒத்துவரவில்லை.

பார்சல் எப்போது வரும், தெரியாது.
போன தடவை கஸ்டம்ஸிலிருந்து போன்.
உள்ளே என்னங்க?
சிப்பாய்கள், என்றேன்.
எத்தனை?
நூற்று நாற்பது.
அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.
இந்தத் தடவை மாடும் வருகிறது,
கால்நடை டாக்டர் கையெழுத்துக் கேட்பார்களோ என்று
தாரணிக்கு இப்போதே சிரிப்பு.

நேற்று ராத்திரி ஷிப்ட் முடிந்தும்
அயர்ன் டேபிள் சூடாகத்தான் இருந்தது.
பவானியை எடுத்துப் போட்டு,
ஸ்டீம் விட்டு,
மாடு இறங்குகிற துறையை மட்டும்
சுருக்கமில்லாமல் தேய்த்து வைத்தேன்.
மற்ற இடத்தில் ஆறு
அதன்பாட்டுக்குப் போகட்டும்.